உறுப்பினர் அல்லாதவரின் ஆட்சேபணை

அடையாறில் ஒரு வீட்டின் மாடி ஹாலில், பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க சாரோட மிஸஸா?" என்பது.

இல்லை என்றேன்.

"ஓ, டாட்டரா?"

அதற்கும் இல்லை என்றேன். அவர் என்னையும் பக்கத்தில் இருந்த, எனக்கு வேலை கொடுத்த மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பெண் ஒரு ஆணோடு ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தால் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். மூன்றாவதாக அவருக்கு எதுவும் தோன்றவில்லை. அன்றைய கூட்டமே கம்ப்யூட்டர் மென்பொருளைத் தமிழாக்கும் குழுவில் என்னைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் கூட்டப்பட்டது. என்மேல் ஆட்சேபணை எழுப்பியவரே அவர்தான்.

இத்தனை வருஷம் கழித்தும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாயே என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். விட்டுவிட்டால் நடந்தது சரி என்று ஆகிவிடும்.

எண்பதுகளின் கடைசியில், ப்ளஸ் டூ படிக்கும்போது, விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் உரக்கடைக்கு மேலே இருந்த இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன். லோயர், ஹையர் இரண்டும் அங்கேதான். அதை நடத்தியவரை ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும். பிறகு கலைக் கல்லூரியில் கணிதம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது, அவர் டைப்ரைட்டர்களை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். அவருக்கு அதைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. "நீ படிச்சிட்டு வந்து பசங்களுக்குச் சொல்லிக்குடும்மா" என்று என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். பாண்டிச்சேரியில் மூன்று மாதக் கோர்ஸுக்கு அவர்தான் என்னை அனுப்பினார். அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அம்மா செராமிக் யூனிட்டில் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த ஃபியூஸ் கட்டைகளின் விளிம்பைச் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, பலகையில் அடுக்குகிற வேலை. சாயங்காலம் வரும்போது முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருக்கும். அப்பாவுக்குப் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் அரவை சீசன் வேலை. வீட்டில் நான்தான் ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவள். அம்மாவுக்கு அதில் பெருமை.

கம்ப்யூட்டர் சென்டராகிவிட்ட இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கம்மாபுரம் பக்கத்துப் பெண்கள். சுரங்கத்துக்கு நிலம் போய்விட்ட வீடுகள். நிலத்துக்குப் பதிலாக யாராவது ஒருவருக்கு ஆபீஸ் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அண்ணனோ அப்பாவோ டூ வீலரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். அந்தப் பெண்களுக்குத் திரையில் இருந்த ஆங்கிலம் புரியவில்லை. புரியாததை மறைக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். "மேல எடது பக்கம் மொத வார்த்த, அத அமுக்குனா கீழ நாலாவது" என்று இடத்தை மனப்பாடம் செய்துகொண்டார்கள். புது வெர்ஷன் போட்டு நாலாவது இருந்தது ஐந்தாவது ஆனபோது ஒருத்தி நாள் பூராவும் செய்ததைத் தொலைத்துவிட்டு அழுதாள். இது இவள் முட்டாள்தனம் அல்ல, இதைத் தமிழில் எழுதி வைக்காதவர்களின் முட்டாள்தனம் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

அந்தச் சமயத்தில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக ஒரு சி.டி. வந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திருப்பிக் கொடுக்கலாம் என்ற முறையில் உலகம் முழுவதும் பலர் சேர்ந்து எழுதிய மென்பொருள். சென்டரில் யாரும் தொடாத பழைய மெஷினில் அதைப் போட்டுப் பார்த்தேன். அதைத் தமிழாக்க ஒரு குழு இருப்பதும் தெரிந்தது. சென்னையில் சிலர், வெளிநாட்டில் சிலர். ஒருவர் மின்னஞ்சல் எழுதினால் குழுவில் எல்லோருக்கும் போகும். மாஸ்டர் அப்போதுதான் சென்டரின் தொலைபேசி எண்ணை வைத்து அவர் பெயரில் ஒரு இன்டர்நெட் கணக்கு வாங்கியிருந்தார். படம் எதுவும் வராது, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். அந்தக் கணக்கிலிருந்துதான் எழுதினேன். ஒவ்வொரு மடலின் அடியிலும் என் பெயரைப் போட்டேன். மேலே, அனுப்பியவர் என்ற இடத்தில், தானாகவே மாஸ்டர் பெயர் விழும். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிதம் யாருடைய வீட்டு விலாசத்திலிருந்து வந்தாலும் அடியில் கையெழுத்து போட்டவர்தானே எழுதியவர்?

வேலை இதுதான். ஒரு வரி ஆங்கிலம், அதன் கீழே ஒரு வரி காலி. காலியில் தமிழ் எழுத வேண்டும். ஒரு ஃபைலில் நூற்றுக்கணக்கில் அப்படி வரும். மதியம் ஒரு பேட்ச் போய் அடுத்த பேட்ச் வருவதற்குள் இருக்கும் நேரத்தில் செய்வேன். ஏற்கெனவே சிலர் செய்து வைத்திருந்தார்கள். அதை மெஷினில் ஏற்றிக் கம்மாபுரத்துப் பெண்களிடம் காட்டினேன். ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தும் இடத்தில், அபார்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைப் பார்த்து யாரோ "கருக்கலைக்கவா? ஆம், இல்லை" என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பெண்களில் கல்யாணமான ஒருத்தி அதை வாய்விட்டுப் படித்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனவள் அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

அன்றைக்கே குழுவுக்கு எழுதினேன். "நிறுத்தவா?" என்று மாற்ற வேண்டும், இது எப்படி யார் கண்ணிலும் படாமல் போனது என்று கேட்டேன். அந்த வரியை எழுதியவர் வெளிநாட்டில் இருந்த ஓர் இன்ஜினியர். அகராதிப்படி தன் சொல் சரி, புதியவர்கள் கொஞ்சம் பார்த்துவிட்டுப் பிறகு விமர்சிக்கலாம் என்று பதில் எழுதினார். குழுவை நடத்திய சென்னை ஒருங்கிணைப்பாளர் தலையிட்டு, என் சொல்லை ஏற்றுக்கொண்டார். எனக்குத் தனியாகவும் எழுதினார். "மேடம், உங்களைப் போன்றவர்கள்தான் தேவை" என்று. அந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவ்வளவு சந்தோஷம்.

ஒரு வருஷத்துக்கு மேல் செய்தேன். நான் செய்ததை நானே பொது இடத்தில் ஏற்ற முடியாது. உறுப்பினர்களுக்குத்தான் அதற்குரிய கடவுச்சொல் உண்டு. நான் அனுப்புவேன், அவர்களில் ஒருவர் நேரம் கிடைக்கும்போது ஏற்றுவார். சில சமயம் வாரக்கணக்கில் கிடப்பில் கிடக்கும். அந்த இன்ஜினியரிடம் போனால் என் சொற்களை மாற்றிவிட்டு ஏற்றுவார். நான் மறுபடி எழுதிக் கேட்க வேண்டும்.

உறுப்பினராவதற்கு விதி எழுதி வைத்திருந்தார்கள். விதி நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து வேலை செய்த ஒருவரை, உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும். மற்ற உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். மூன்று பேர் சரி என்று சொல்லி, யாரும் ஆட்சேபிக்காவிட்டால் சேர்ந்துவிடலாம். ஆட்சேபித்தால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் தீரும்வரை சேர்க்க முடியாது. படிப்பு, சாதி, ஊர், வயது எதையும் பார்ப்பதில்லை, வேலையை மட்டும்தான் பார்ப்போம் என்று கடைசியில் ஒரு வரி. அதை இன்னொரு முறை படித்தேன். நம் ஊரில் ஒரு யூனிட்டில் பேக்கிங் வேலைக்குச் சேர்வதென்றால்கூட யார் வீட்டுப் பெண் என்று கேட்பார்கள். இங்கே அப்படி இல்லை என்று நம்பினேன்.

ஒருங்கிணைப்பாளர் என்னை முன்மொழிந்தார். நான் செய்த ஃபைல்கள், கண்டுபிடித்த பிழைகள், பயிற்சி பெறும் பெண்களிடம் காட்டிச் சரிபார்க்கும் என் முறை எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருந்தார். அன்று மாலைக்குள் இரண்டு "சரி" வந்தது. அடுத்த நாள் இன்னொன்று. நான் சென்டரில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். மாஸ்டரும் ஒன்று எடுத்துக்கொண்டு, "என்னா விசேஷம்?" என்றார். விளக்கினேன். "நல்லதும்மா" என்றார். அது என்ன என்று அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

வாரம் முடியும் தறுவாயில் இன்ஜினியரின் ஆட்சேபணை வந்தது. ஆங்கிலத்தில், மிக நாகரிகமாக. வேலையின் தரத்தைப் பற்றித் தனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மடல்கள் ஓர் ஆணின் கணக்கிலிருந்து வருகின்றன, அடியில் ஒரு பெண் பெயர் இருக்கிறது. அந்த மாதிரி ஓர் ஊரில் ஒரு பெண் இவ்வளவு செய்கிறார் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது. ஒரே ஆள் இரண்டு பெயரில் எழுதுகிறாரோ என்ற சந்தேகம் நியாயமானது. யார் என்றே தெரியாதவரிடம் சாவியைக் கொடுக்க முடியாது.

அதைப் படித்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த மாதிரி ஓர் ஊர் என்றால் எந்த மாதிரி ஊர்? எந்த மாதிரிப் பெண்? ஒரு வருஷம் அவருடைய பிழைகளைத் திருத்தியபோது நான் இருந்தேன். சேர்த்துக்கொள்ளச் சொன்னதும் இல்லாமல் போய்விட்டேனா? இதையெல்லாம் அப்படியே எழுதி அனுப்பினேன்.

ஒருங்கிணைப்பாளர் சென்டருக்குப் போன் செய்தார். "கோபப்படாதீங்கம்மா. கோபமா எழுதினா உங்களுக்குத்தான் கெட்ட பேர். அவர் அடுத்த மாசம் லீவுல சென்னை வரார். எங்க வீட்லயே எல்லாரும் மீட் பண்ணுவோம். நேர்ல பாத்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"அவரு எந்த ஊர்ல இருந்து எழுதுறாருன்னு நாங்க யாரும் நேர்ல போய்ப் பாக்கலீங்களே சார்" என்றேன்.

அவர் சிரித்தார். தன் அடையாறு வீட்டு விலாசத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

தனியாகத்தான் போவதாக இருந்தேன். மாஸ்டர் கேட்கவில்லை. "கணக்கு என் பேர்ல இருக்குதும்மா. நான் வந்து ஒரு வார்த்த சொன்னா சந்தேகம் தீந்துடும். அதுவுமில்லாம உங்க வூட்ல தனியா எப்பிடி அனுப்புவாங்க?" அம்மாவும் அதையே சொன்னாள். அவர் துணைக்கு வருகிறார் என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார் என்று இன்றும் நம்ப விரும்புகிறேன். விடிகாலையில் உளுந்தூர்பேட்டை போய்ப் பஸ் மாறினோம். சென்னை பாரிமுனையில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து அடையாறு போகும்போது மதியமாகிவிட்டது.

அந்த ஹாலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் ஆண்கள். ஒருங்கிணைப்பாளரின் மனைவி காபி கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "உள்ள வந்து உக்காந்துக்கறீங்களா?" என்றார். இங்கேயே இருக்கிறேன் என்றேன்.

மிஸஸா, டாட்டரா என்ற விசாரணை முடிந்ததும் இன்ஜினியர் மாஸ்டரிடம் திரும்பி, "எவ்வளவு நாளா இதுல இருக்கீங்க சார்?" என்று கேட்டார்.

மாஸ்டர், "நம்ம சென்டர் ஆரம்பிச்சு ஆவுது பல வருஷம். மொதல்ல டைப்ரைட்டிங்கு. இப்ப கம்ப்யூட்டரு" என்றார்.

"மொழிபெயர்ப்புக்கு எந்த அகராதி பயன்படுத்தறீங்க?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பதில் சொன்னேன். எந்தெந்தச் சொல்லை எதற்காக எடுத்தேன், எதை மாற்றினேன், பெண்கள் எங்கே தடுமாறினார்கள் என்று சொன்னேன். இன்ஜினியர் கேட்டுக்கொண்டார். ஆனால் நான் ஒவ்வொரு பதிலை முடிக்கும்போதும், அது சரிதானா என்பதுபோல் மாஸ்டர் பக்கம் பார்ப்பார். மாஸ்டரும் தலையை ஆட்டுவார். அவர் எதற்குத் தலையாட்டுகிறார் என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் அந்தத் தலையாட்டலுக்குப் பிறகுதான் அடுத்த கேள்வி வரும்.

மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கேட்காமலே போய் உட்கார்ந்து, அவர்கள் முன்னாலேயே ஒரு பக்கத்தை மொழிபெயர்த்துக் காட்டினேன். நான் முடித்ததும் அருகில் வந்து திரையைப் படித்தார்கள். ஒருவர், "பிரமாதம்" என்றார்.

"எனக்குச் சந்தேகம் தீந்துடுச்சு" என்று இன்ஜினியர் எழுந்தார். "வேலை உண்மையான வேலைதான். இப்ப ஒரே ஒரு டெக்னிகல் விஷயம். நம்ம முறைப்படி ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு உறுப்பினர். முகவரி சார் பேர்ல இருக்கு. பொறுப்பும் அவர் எடுத்துக்கறதுதான் முறை. அவரை உறுப்பினரா போட்டுடலாம். அவர் சென்டர்ல, அவர் கீழ, இவங்க பாட்டுக்கு வேலை செய்யட்டும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

நான் உடனே, "நான் வேற முகவரி வாங்கிட்டு வரேன்" என்றேன்.

"தாராளமா. ஆனா புது முகவரிக்கு இதுவரைக்கும் வேலை செஞ்ச சரித்திரம் இருக்காதே. மறுபடியும் கொஞ்ச காலம் செஞ்சு காட்டணும். அதுதான் எல்லாருக்கும் உள்ள விதி."

நான் மாஸ்டரைப் பார்த்தேன். இப்போது பேசுவார், இது அந்தப் பெண் செய்தது என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அதற்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க" என்றார்.

ஒருங்கிணைப்பாளர், "அப்ப நாம இங்கயே முடிச்சிடலாமா?" என்று கேட்டுக் கையைத் தூக்கினார். என்னை முன்மொழிந்தவர். என் வேலையை ஒவ்வொன்றாக எடுத்து எழுதியவர். முதலில் அவர் கைதான் மேலே போனது. மற்ற கைகள் அதைத் தொடர்ந்து போயின.

"நான் இதுக்குச் சம்மதிக்கல. நான் ஆட்சேபிக்கறேன்" என்றேன். என் குரல் அந்த ஹாலுக்குப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

இன்ஜினியர் பொறுமையாகச் சொன்னார். "நீங்க உறுப்பினர் இல்லையே. உறுப்பினர்தான் ஆட்சேபிக்க முடியும்."

என்னைச் சேர்க்கலாமா என்று பேச வந்த கூட்டத்தில், நான் செய்த வேலையை வைத்து, எனக்குப் பதிலாக வேறொருவரைச் சேர்த்தார்கள். அதற்கு நான் மறுப்புச் சொல்லவும் வழி இல்லை. எல்லாம் விதிப்படி. யாரும் குரலை உயர்த்தவில்லை. யாரும் என்னை மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்றும் எரிகிறது. கெட்ட வார்த்தை சொல்லித் துரத்தியிருந்தால் நாலு பேரிடம் சொல்லி நியாயம் கேட்டிருப்பேன். இவர்கள் வாசல்வரை வந்து, பத்திரமாகப் போங்கள் என்று வழியனுப்பினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் மதுராந்தகம் தாண்டியதும் மாஸ்டர்தான் ஆரம்பித்தார்.

"யார் பேருல இருந்தா என்னம்மா? நம்ம சென்டர் வேலதானே?"

"அப்ப என் பேருலயே இருக்கட்டும்னு நீங்க சொல்லியிருக்கலாமே மாஸ்டர்."

"பெரிய பெரிய ஆளுங்க முடிவு பண்றாங்க. நடுவுல பூந்து நான் என்னாத்த சொல்றது?"

"ஒரு வார்த்த சொன்னா சந்தேகம் தீந்துடும்னுதானே வந்தீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். ஒரு செராமிக் யூனிட்டின் ஆபீஸில் பில் அடிக்கிற வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் இருந்தது, இன்டர்நெட் இல்லை. தினமும் ஜங்ஷன் ரோடு வழியாகத்தான் போக வேண்டும். சில வாரத்தில் உரக்கடை மாடியில் புது போர்டு வைத்தார்கள். சென்டர் பெயருக்குக் கீழே, மாஸ்டரின் பெயர். அதற்குக் கீழே, "உலகத் தமிழ் மென்பொருள் குழு உறுப்பினர்". சிவப்பு எழுத்தில். சைக்கிளை நிறுத்தி அதைப் படித்தேன். கையில் ஒரு கல் இருந்திருந்தால் எறிந்திருப்பேன்.

மழைக்காலம் தொடங்கியபோது மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். அவருக்கு நாற்காலி போட்டாள்.

"குழுவுல இருந்து மடல் மேல மடல் போடறாங்கம்மா" என்றார் என்னிடம். "புது வெர்ஷன் வரப்போவுதாம். ஃபைல் எல்லாம் முடிச்சி அனுப்பணுமாம். எனக்கு அதுல என்னா தெரியும்? ஒரு ரெண்டு வாரம், சாயங்காலத்துல வந்து போனா போதும். ஒனக்குத் தனியா குடுத்துடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள்.

"மாஸ்டரு, அந்த போர்டுல யார் பேரு எழுதியிருக்குது?"

"என் பேருதாங்க."

"அப்ப அது ஒங்க வேலதாங்களே. எங்க பாப்பாவ எதுக்குக் கூப்புடறீங்க? நான் தொடைச்சி அடுக்குன பலகைய இன்னொருத்தி தன் பலகன்னு சூப்பர்வைசர்கிட்ட காட்டினா, மறுநாளு அவளுக்குத் தொடைச்சிக் குடுப்பேனா? டீ சாப்புட்டுப் போங்க."

அவர் டீ சாப்பிடவில்லை. அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் எது, மென்பொருள் எது என்று எதுவும் தெரியாது. அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் கையில் இருந்த ஈரம் என் முதுகில் பட்டது.

பிறகு ஒருங்கிணைப்பாளர் யூனிட் ஆபீஸுக்கே போன் செய்தார். எண்ணை எப்படிக் கண்டுபிடித்தாரோ. வேலை அப்படியே நின்றுவிட்டது என்றார். மறுபடியும் என்னை முன்மொழிகிறேன், இந்த முறை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள், நான் பேசிவிட்டேன் என்றார்.

"பேசிட்டீங்களா? அப்ப அன்னிக்கும் பேசியிருக்கலாமே சார். நீங்கதானே மொதல்ல கையத் தூக்கினீங்க?"

"அன்னிக்கு நெலைமை அப்படிம்மா. நாலு பேர் சேந்து வேலை செய்யற இடத்துல கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் போகணும்."

"என்னத்த விட்டுக்கொடுத்தீங்க சார்? உங்களோடத எதாவது விட்டுக்கொடுத்தீங்களா?"

நான் ஒன்று கேட்டேன். போன வருஷத்து ஃபைல்களைச் செய்தது யார் என்று குழுவில் எல்லோருக்கும் தெரிய ஒரு மடல் எழுதுங்கள், ஃபைல்களின் தலைப்பில் மாஸ்டர் பெயருக்குப் பதிலாக என் பெயரைப் போடுங்கள், பிறகு என்னை முன்மொழியுங்கள் என்றேன். பழசைக் கிளறினால் பெரியவருக்கு, அதாவது மாஸ்டருக்கு, அவமானமாகிவிடும் என்றார். போனை வைத்துவிட்டேன். எங்கள் மேனேஜர், போனில் யார் என்று கேட்டதற்கு, தவறான எண் என்றேன்.

தொண்ணூற்றொன்பது வாக்கில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பிரௌசிங் சென்டர் திறந்தார்கள். முதல் வாரமே போய் என் பெயரில் ஒரு இலவச முகவரி தொடங்கினேன். அதிலிருந்து குழுவுக்கு நடந்ததையெல்லாம் எழுதினேன். திட்டவில்லை. நடந்ததை நடந்தபடி, யார் என்ன சொன்னார்கள், யார் முதலில் கை தூக்கினார்கள் என்று எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. இன்ஜினியர் மட்டும், இது குழுவின் பேசுபொருளுக்கு அப்பாற்பட்டது என்று ஒரு வரி எழுதினார். ஆனால் உள்ளுக்குள் ஏதோ பேசியிருக்கிறார்கள். அடுத்த வெளியீட்டில் ஃபைல்களின் தலைப்பில் மாஸ்டர் பெயருக்குக் கீழே, "உதவி" என்று போட்டு என் பெயரைச் சேர்த்திருந்தார்கள்.

உதவி! நான் அவருக்கு உதவினேனாம்.

என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். உடனே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்மொழிவு இல்லை, ஒரு வார அவகாசம் இல்லை, யாரும் ஆட்சேபிக்கவும் இல்லை.

அந்த மென்பொருளின் உரிமம், யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி வெளியிடலாம் என்றது. சரி, நானே எடுத்து, நானே நடத்துகிறேன் என்று முடிவு செய்தேன். படித்துப் பார்த்தால் இன்னொரு நிபந்தனை இருந்தது: முன்பு செய்தவர் பெயரை நீக்கக் கூடாது. அதாவது நான் செய்த ஃபைலை நான் எடுத்தாலும், மேலே மாஸ்டர் பெயரை வைத்துத்தான் வெளியிட வேண்டும். பிரௌசிங் சென்டர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்துக் கேபினில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

ஆகவே, முதல் வரியிலிருந்து மறுபடி செய்தேன். ஆங்கில மூலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு காலி வரியையும் புதிதாக நிரப்பினேன். என்னுடைய பழைய சொல்லே நல்ல சொல்லாக இருந்த இடங்களில் மிகவும் கஷ்டப்பட்டேன். யோசித்துக் கண்டுபிடித்த சொல். இப்போது அதை எழுதினால் மாஸ்டருடையதைத் திருடியதாகச் சொல்வார்கள். மடலோடு சேர்த்து அனுப்பும் ஃபைலுக்கு முன்பு "இணைப்பு" என்று எழுதிய இடத்தில் "கூடவைத்தது" என்று எழுதினேன். பழையதைவிட அது மோசம். தெரிந்தே எழுதினேன். என் சொந்தச் சொல்லுக்குப் பதிலாக மட்டமான ஒன்றைத் தேடி உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

யூனிட்டில் கணக்கு எழுதிய ஒரு பெண்ணும், என்னிடம் முன்பு படித்து எங்கள் பக்கத்து மங்களூர் ஒன்றிய ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த இன்னொருத்தியும் கூட வந்தார்கள். எப்படிச் சேர்வது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் விதி எதுவும் எழுதவில்லை. ஒரு ஃபைலை முடித்தவள் தன் பெயரைத் தானே மேலே எழுதிக்கொள்வாள். அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. எங்களுடையதை யார் பயன்படுத்தினார்கள் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரிய குழுவினுடையதுதான் எல்லா சி.டி.யிலும் வந்தது. அதில் என் நல்ல சொற்கள் எல்லாம் அப்படியே இருந்தன, அவர் பெயரில்.

மாஸ்டரைக் கடைத்தெருவில் பார்ப்பதுண்டு. "நல்லா இருக்கியாம்மா?" என்பார். "இருக்கேன் மாஸ்டர்" என்பேன். வேறு எதுவும் பேசுவதில்லை. அவருக்கு வயதாகிவிட்டது, போகட்டும் விடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும்தான் வயதாகிவிட்டது.